விரல் எங்கே இருந்தது

கோவிங்டன், மிச்சிகன்
நவம்பர் 17, 1971

அன்புள்ள வில்ஹோவுக்கு,

நான் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இங்கே யாரும் நலமில்லை. உன் அண்ணன் ரெய்னோவுக்குக் காலில் குண்டு பட்டுவிட்டது என்று கப்பல் கம்பெனிக்காரர்கள் ரேடியோவில் உனக்குச் சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான் சொல்லச் சொன்னேன். யார் கையில் இருந்த துப்பாக்கி என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. என் கையில் இருந்த துப்பாக்கி, வில்ஹோ.

அவர் உயிரோடு இருக்கிறார். முதலில் அதைப் படித்துக்கொள். மார்க்வெட் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. காலைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு டாக்டர் சொல்கிறார். இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறார். அந்தச் சொல்லாதவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு யாராவது உனக்கு எழுதுவதற்குள் நான் எழுதிவிட வேண்டும்.

மான் வேட்டை சீசனின் முதல் நாள். விடியும் முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காது கூட அசையவில்லை. உச்சிப்பொழுதில் கால் மரத்துப்போய், காபி குடிக்க நம் வேட்டைக் குடிலுக்கு, கேம்புக்குத் திரும்பினேன். வாசலுக்கு முன்னால் ஓடைமேல் போட்ட பலகை, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. உன் அப்பா போட்ட சட்டப்படி பலகையைத் தாண்டி, விறகு அடுக்கருகே நின்று தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டுத்தான் கதவைத் தொட வேண்டும். பலகைவரை துப்பாக்கி எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழலில் ஒரு தோட்டா, பின்னால் அதை அடிக்கும் சுத்தி பாதி இழுத்து முதல் பல்லில், விசை பட்டாலும் விழாதபடி. அந்தப் பழைய லீவர் துப்பாக்கிக்கு அந்தப் பாதிப் பல்லைத் தவிர வேறு பூட்டு ஏது? நீ சொல்லிக்கொடுத்ததும் அதுதான், கேம்பில் எல்லோரும் நடப்பதும் அப்படித்தான். குழல் தரையைப் பார்த்து இருந்தது. கையில் தடித்த கம்பளி உறை.

பலகையில் பனி உறைந்து கிடந்தது. நான் தள்ளாடுவதைப் பார்த்து ரெய்னோ காபிக் குவளையோடு வெளியே வந்தார். "மெதுவா வாம்மா, மான் ஒண்ணும் உன்னைத் துரத்தல" என்று சொல்லிக்கொண்டே எதிர்முனையில் ஏறிக் கையை நீட்டினார். எனக்குக் கால் வழுக்கியது. துப்பாக்கியின் பின்பக்கம் கட்டையில் மோதியது. வெடிச்சத்தம் கேட்டது.

யாரோ காட்டில் சுட்டார்கள் என்று நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகக் காட்டுப் பக்கம்தான் திரும்பிப் பார்த்தேன். மறுபடி முன்னால் பார்த்தபோது உன் அண்ணன் பலகையில் உட்கார்ந்திருந்தார், குவளை இன்னும் கையிலேயே இருந்தது. "பூட்ஸுக்குள்ள யாரோ சுடுதண்ணி ஊத்தின மாதிரி இருக்கு" என்றார். அதைக் கேட்டும் எனக்குப் புரியவில்லை. பனியில் சிவப்பு பரவிய பிறகுதான் புரிந்தது.

கேம்பில் எங்களோடு இருந்த ஆக்செல்தான் ஓடிவந்து பெல்ட்டால் தொடையை இறுக்கிக் கட்டினார். நான் கையுறையைக் கழற்றிக் காயத்தில் அமுக்கிக்கொண்டிருந்தேன். பிக்கப் வண்டியின் பின்னால் அவரைக் கிடத்தி மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தேன். வழி நெடுக வண்டி ஓட்டிக்கொண்டே ஆக்செல் பின் ஜன்னல் வழியாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "விரல் எங்க இருந்துச்சு லெம்பி?" விசை வளையத்துக்கு வெளியே இருந்தது என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "நல்லா யோசிச்சுப் பாரு, விரல் எங்க இருந்துச்சு?"

அன்றிலிருந்து ஊரே அதைத்தான் கேட்கிறது. ஷெரிஃப் ஆபீஸ்காரர் சமையலறை மேசையில் உட்கார்ந்து கேட்டார். கையுறையோடு அந்த வளையத்துக்குள் விரல் நுழையவே நுழையாது என்று சொன்னேன். கையுறை கழற்றியிருந்ததாக ஆக்செல் சொல்கிறாரே என்றார். காயத்தை அமுக்கக் கழற்றியது என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறார். பிறகு துப்பாக்கியைக் காலி செய்து, சுத்தியைப் பாதிப் பல்லில் வைத்து, என் கண்ணெதிரே தரையில் தட்டினார். நின்றது. இன்னும் ஓங்கித் தட்டினார். நின்றது. "பாருங்க, நிக்குதே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது, பாவம் எங்கே என்றுதான் எனக்குப் புரியவில்லை. போன வருஷம் அந்தப் பெரிய கொம்பன் மானைத் தப்பவிட்டதற்காக குறி தவறியவர்களுக்கெல்லாம் செய்வதுபோல என் சட்டையின் அடித்துண்டை வெட்டிக் கேம்பின் சுவரில் ஆணி அடித்தார்களே, ஆண்களின் துணிகளுக்கு நடுவே என் பூப்போட்ட துண்டு, அதை வைத்துக் கடையில் ஒருவன் பேசினான். "போன வருஷம் மானைத் தப்பவிட்டா, இந்த வருஷம் புருஷனோட அண்ணனைத் தப்பவிடல." நான் அடுத்த வரிசையில் மாவு எடுத்துக்கொண்டிருந்தேன். மாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பெண்பிள்ளையைக் கேம்பில் சேர்த்ததே தப்பு என்று இப்போது எல்லோரும் முன்பே சொன்னார்களாம். ஒருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அதையெல்லாம் தாங்கிவிடலாம். உன் அண்ணி தைமியைத்தான் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரி நடையில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து எதிர்ப்பக்க நாற்காலிக்குப் போய்விட்டாள். புருஷன் விறகுக்காக மரம் வெட்டிப் பிழைக்கிறவர். ஒரு கால் போனால் அந்த வீடு என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது நான் கேட்க நினைத்ததற்கு வருகிறேன். அந்த விசை எவ்வளவு கடினமாக இருந்தது என்பது உனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால், சுடுவதற்குள் குழலே ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அதனால்தான் அந்தக் கொம்பன் தப்பியது. கப்பல்கள் நின்ற பனிக்காலத்தில் நீ நிலவறையில் உட்கார்ந்து, எண்ணெய்க் கல்லில் தேய்த்துத் தேய்த்து அதை இளக்கி என் பிறந்தநாளுக்குக் கொடுத்தாய். கோடையில் தகர டப்பாக்களைச் சுட்டுப் பார்த்தபோது வெண்ணெயில் கத்தி போல இருந்தது. அந்தத் துப்பாக்கியின் உள்ளே இருப்பதெல்லாம் உனக்குத்தான் அத்துப்படி. விரல் படாமல் அது வெடிக்குமா, வெடிக்காதா? விசையை நீ இளக்கியதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. சொல்ல வேண்டுமா? நீ ஷெரிஃபுக்கு ஒரு வரி எழுதினால் போதும். என் பேச்சைக் கேட்காதவர்கள் உன் பேச்சைக் கேட்பார்கள்.

மற்றபடி வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. வடக்குப் பக்க ஜன்னல்களுக்கு இன்னும் பனிக்கதவு மாட்டவில்லை. சர்ச்சிலிருந்து பாஸ்டர் மட்டும் வந்தார், அவருடைய மனைவி காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சீக்கிரம் பதில் எழுது. கடல் போன்ற இந்த ஏரி உன்னைச் சுகமாகக் கரை சேர்க்கட்டும்.

உன் அன்பு மனைவி,
லெம்பி

* * *

கப்பலில் இருந்து
நவம்பர் 22

அன்புள்ள லெம்பி,

உன் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு வந்தபோது, கப்பலிலிருந்து கயிற்றில் இறக்கிய வாளியில் ஏறி வந்தது. படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ரெய்னோ என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவருக்கா இப்படி?

உன்னை எத்தனை தடவை எச்சரித்திருக்கிறேன், சுடுகிற நேரம் வரும்வரை விரல் வெளியே இருக்கட்டும் என்று. வழுக்குகிறபோது கை தானாக எதையாவது இறுக்கிப் பிடிக்கும். அது யாருக்கும் நடப்பதுதான். நீ வேண்டுமென்று செய்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். விபத்து என்று ஒப்புக்கொண்டுவிட்டால் ஷெரிஃப் அதிகம் போனால் சில வருஷம் வேட்டை லைசென்ஸைத்தான் பிடுங்குவார். இழுத்தடிக்காதே. தைமியிடம் மன்னிப்புக் கேள், மனசு ஆறிவிடும்.

துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. அவர்களே தட்டிப் பார்த்துவிட்டார்களே. விசையை இளக்கிய கதையை இப்போது யாரிடமும் எடுக்காதே. கேட்டால் துப்பாக்கியில் யாரும் கை வைக்கவில்லை என்று சொல். இல்லாவிட்டால் பேச்சு எங்கோ போய்விடும், அதனால் ரெய்னோவின் கால் ஆறப்போவதில்லை.

பனிக்கதவுகளுக்கு முதலில் படுக்கையறை ஜன்னலைப் பார். கொக்கி இடது பக்கம் மேலே இருந்து மாட்ட வேண்டும், கீழேயிருந்து மாட்டினால் சட்டம் கோணும். ஓரத்தில் பஞ்சு வைத்து அடை. அடுப்புப் புகைக்குழாயை ஒருமுறை தட்டிக் கரியை இறக்கு. காரில் உறையாத திரவம் ஊற்றியாயிற்றா என்று பார்.

ரெய்னோவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன்,
வில்ஹோ

* * *

மார்க்வெட் ஆஸ்பத்திரி, கீழ்த்தளக் கேண்டீனில் இருந்து
நவம்பர் 28

வில்ஹோவுக்கு,

நீ விசாரித்ததை உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு முழங்காலுக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை. நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்தின நாள் எடுத்துவிட்டார்கள். அந்தப் பேசாத டாக்டர்தான் வந்து சொன்னார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நீ சொன்னபடிதான் செய்யப் புறப்பட்டேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கே அப்படித் தோன்றுகிறது என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இத்தனை நாளாக என் விரலையே நான் நம்பாமல் கிடந்தேன். பாத்திரம் கழுவும்போது கையைத் தூக்கிப் பார்ப்பேன். வழுக்கியபோது நீ எங்கே இருந்தாய் என்று அதைக் கேட்பேன். கடைசியில், சரி, கையுறை எப்போது கழன்றது என்று எனக்கே நினைவில்லை, விரல் உள்ளேதான் இருந்திருக்கும் என்று முடிவு செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் இங்கே வந்தேன்.

தைமி அறையில் இருந்தாள். நான் உள்ளே வந்ததும் காபி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள். ரெய்னோ என்னைப் பார்த்துச் சிரித்தார். வெளிறிப்போன முகம், ஆனாலும் அந்த வாய் சும்மா இருக்குமா? "ஒரு ஜோடி சாக்ஸ் இனிமே ரெண்டு வருஷம் வரும். தைமிக்கு லாபந்தான்" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"உன்மேல எனக்குக் கோபம் இல்லம்மா. கீழே விழுறது யாரும் கேட்டு விழுறதில்ல. ஒண்ணே ஒண்ணுதான் புரியல. வில்ஹோ அவ்வளவு சொல்லியும் ஏன் தோட்டாவைக் குழல்ல போட்டுக்கிட்டு நடந்த?"

வில்ஹோ என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"விளையாடாத. பாதிப் பல்லைப் பத்திச் சொன்னானே."

எந்தப் பல்லைப் பற்றி என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னைவிட அவருக்குத்தான் முதலில் புரிந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோய், வாய் மட்டும் திறந்திருந்தது. வெடித்த அன்று பலகையில் உட்கார்ந்திருந்தபோதுகூட அந்த முகம் அப்படி இருக்கவில்லை.

பிறகு சொன்னார். மார்ச்சில், என் பிறந்தநாளுக்கும் நீ கப்பலுக்குக் கிளம்பியதற்கும் முன், துப்பாக்கியை அவருடைய கொட்டகைக்குக் கொண்டு போனாயாம். "விசையைத் தொட்டுப் பாருண்ணே, பூ மாதிரி" என்றாயாம். அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். கல் சறுக்கி, சுடத் தயாராகச் சுத்தியை நிறுத்தும் முழுப் பல்லோடு, பூட்டாக நிற்கும் பாதிப் பல்லின் உதட்டையும் தின்றுவிட்டிருந்ததாம்.

"ஒரு மயிரிழைதான் மிச்சம் இருந்துச்சு லெம்பி. பத்துத் தடவை தட்டினா நிக்கும், பதினோராவது தடவை விட்டுடும். அவன்கிட்டச் சொன்னேன், டேய், புதுச் சுத்தி வரவழைச்சு மாட்டு, அதுவரைக்கும் அவளைக் குழலைக் காலியா வச்சு நடக்கச் சொல்லு, மானைப் பாத்தப்புறம் லீவரை இழுத்தாப் போதும்னு. சரிண்ணே, சொல்லிடுறேன்னான். அவன் முகத்தைப் பாத்தா கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு, அவ்வளவு நாள் உக்காந்து தேச்சிருக்கான் பாவம்."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் மனசில் முதலில் வந்தது நீ கூட இல்லை. இத்தனை நாளாக இந்த மனிதர், நான் தெரிந்தே அவருக்கு முன்னால் அப்படி நடந்து வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டே என்னிடம் சாக்ஸ் பற்றிச் சிரிக்கப் பேசியிருக்கிறார். அதற்கப்புறம்தான் நீ வந்தாய்.

வில்ஹோ, அந்தத் துப்பாக்கியின் குழலில் சிவப்பு நாடா கட்டிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாய். நான் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அப்போது உனக்குத் தெரியும். புதுச் சுத்திக்கு எழுத மறந்தாயா? மாட்டிக் கொடுத்துவிடலாம் என்று தள்ளிப் போட்டாயா? இல்லை, நீயே கைப்படச் செய்த பரிசைக் கொடுத்த கையோடு, இதில் ஒரு பழுது இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லையா? அந்தக் கடைசிக் காரணமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படிப்பட்ட மௌனத்தை ஒரு பெண்சாதி மன்னிக்க முடியும். கர்வமும் ஆசையும் கலந்த மௌனம்தானே என்று தேற்றிக்கொள்ள முடியும்.

ஆனால் மாடியிலிருந்து இங்கே இறங்கி வந்து உன் இருபத்திரண்டாம் தேதிக் கடிதத்தை மறுபடி படித்தேன். விசையை இளக்கிய கதையை எடுக்காதே என்கிறாய். யாரும் கை வைக்கவில்லை என்று சொல் என்கிறாய். மறந்தவன் இப்படி எழுத மாட்டான். பனிக்கதவின் கொக்கியை எந்தப் பக்கமிருந்து மாட்டுவது என்று விளக்க உனக்கு இடம் இருந்தது. அந்தப் பல்லைப் பற்றி ஒரு வரி எழுத இடம் இல்லை. கொலைகாரியாகாமல் மயிரிழையில் தப்பிய நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், நீ நல்லவனாகவே இருக்க வேண்டும். பதினேழு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

உன் அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. அது எனக்கு இன்னும் அதிர்ச்சி. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவன் என் தம்பி. அவன் வாயாலயே வரட்டும்" என்றார். வராவிட்டால் என்று கேட்டேன். "வரும். சின்ன வயசுல ஜன்னலை உடைச்சாலும் ராத்திரிக்குள்ள வந்து சொல்லிடுவான்" என்றார். அவர் இன்னும் அந்தப் பையனைத்தான் நம்புகிறார். அந்த நேரத்தில் தைமி காபியோடு வந்தாள். ஒரே ஒரு குவளை. அதை அவர் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் பார்க்காமல் போர்வையைச் சரி செய்தாள். உண்மை என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் எழுந்து கீழே வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ யோசிப்பாய். உனக்காக அல்ல. நான் சொன்னால், தன் தப்பைப் புருஷன் தலையில் கட்டுகிறாள் என்பார்கள். நீ சொன்னால் அது உண்மையாக நிற்கும். ஷெரிஃப் ஆபீஸ்காரர் இந்த வாரக் கடைசியில் மறுபடி வருகிறார். அவரிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சுத்தியைப் பிரித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். அதற்குள் நீ முந்திக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை அவசரமாக எழுதுகிறேன்.

கம்பெனியில் கேட்டேன். வியாழக்கிழமை உங்கள் கப்பல் இரும்புத் தாது ஏற்ற மார்க்வெட் துறைக்கு வருகிறது. ஏற்றி முடிக்க அரை நாள் ஆகும், துணைக் கேப்டனிடம் சொன்னால் விடுவார். ஊருக்குப் பஸ் பிடித்து நம் வீட்டுக்கு வராதே. அங்கே நான் இருக்க மாட்டேன். துறையிலிருந்து நேரே இங்கே வா. தைமி ரெய்னோவின் வலது பக்கம் இருப்பாள், நான் கதவோரத்து நாற்காலியில் இருப்பேன். உனக்காக ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்க மாட்டேன், உன்னைத் தடுக்கவும் மாட்டேன். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது பிறகு. முதலில் அவளிடம் சொல், அவள் என் முகத்தைப் பார்க்கும்படி சொல்.

ஆண்டவர் உன்னைத் தண்ணீரில் காப்பாற்றட்டும். துறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் மேடு செங்குத்தானது. நடுவில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மூச்சு வாங்கிக்கொள். திரும்பிப் போய்விடாதே, வில்ஹோ.

உன் மனைவி என்றே கையெழுத்துப் போட விரும்பும்,
லெம்பி